விருந்தில் வில்லிசைக் கலைஞரைச் சந்தித்தால்

நாகர்கோவிலில் தொழில்முனைவோர் சந்திப்பின் விருந்தில், விசிட்டிங் கார்டை நீட்டியபடி பக்கத்தில் இருந்தவரிடம், "அண்ணாச்சி, என்ன தொழில்?" என்றேன். "வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறேன்" என்றார். எனக்குப் பேச்சே எழவில்லை. சிறுவயதில் கோயில் கொடை விழாவில் விடிய விடியக் கேட்ட ஒலி அது!

இப்படி ஒருவரைச் சந்தித்தால், "ஒரு பாட்டுப் பாடுங்களேன்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சாப்பிட வந்தவரிடம் வேலை வாங்குவது அது. "வில்லுக்கு வலத்தே இருந்து பாடுகிறவரா, இடத்தே இருந்து பாடுகிறவரா? எந்தச் சாமி கதை உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். முகம் மலர்ந்துவிடும். அவரிடம் நான் குடத்தைப் பற்றிக் கேட்டேன். ஒரு கையில் மட்டையால் குடத்தின் வாயிலும், மறுகையில் சிறு நாணயத்தால் அதன் உடலிலும் தட்டுவதை மேசையிலேயே செய்து காட்டினார்.

கைப்பேசியில் எண்ணைச் சேமிக்கும்போது பெயரோடு ஊரையும் கருவியையும் எழுதிவையுங்கள். நிகழ்ச்சிக்கு அழைப்பதானால் மறுநாள் தனியே பேசுங்கள். வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று ஒரு குழுவே வரும். எல்லோருக்கும் சேர்த்தே சம்பளம் பேச வேண்டும். கொடைக் காலத்தில் தேதி கிடைப்பது கடினம், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.