டவுன்ல ஓட்ற பைக்குக்கு கார்புரேட்டர் மிக்சர் செட் பண்றது எப்படி

மிக்சர்னா கார்புரேட்டர் இஞ்சினுக்கு அனுப்பற பெட்ரோல்-காத்து கலவை, அத கூட்டிக் கொறைக்க ஒரு ஸ்க்ரூ இருக்கும். இது பழைய கார்புரேட்டர் வண்டி வச்சிருக்கவங்களுக்கு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 (புது புகை விதி) வந்ததுக்கப்புறம் வந்த பைக் பெரும்பாலும் எஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்கு பதிலா பெட்ரோல பீச்சற ஃபூயல் இன்ஜெக்‌ஷன், அதுல இந்த ஸ்க்ரூ கெடையாது.

போன கோடைல மைலேஜ் கூட்டித் தரேன்னு ஒரு மெக்கானிக் என் வண்டில பெட்ரோலைக் கொறைச்சு வச்சிட்டாரு, அடுத்த நாள்லேந்து காட்பாடி பாலத்து டிராஃபிக்ல ஊர்ந்துகினு போறப்ப வண்டி ஆஃப் ஆவுது, ஆக்சிலேட்டர விட்டா சைலன்சர்ல பட் பட்னு வெடிக்குது, இஞ்சின் பக்கம் கால வைக்க முடியல. நம்ம ஊரு கத்திரி வெயிலுக்கு பெட்ரோல் கம்மியா ஓட்றது இஞ்சினுக்கு ஆவவே ஆவாது, மைலேஜுக்காக அந்தப் பக்கம் போவாதீங்க.

மொதல்ல ஏர் ஃபில்டர், பிளக்கு ரெண்டும் சுத்தமா இருக்கான்னு பாருங்க, கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவுல இருக்கற ரப்பர்ல வெடிப்பு இருந்தா மாத்துங்க, அது வழியா காத்து இழுத்துச்சுன்னா எவ்ளோ திருகினாலும் செட் ஆவாது. அப்புறம் 10 நிமிஷம் ஓட்டிட்டு வாங்க, சூடாவாத இஞ்சின்ல செட் பண்ணா அது தப்பான செட்டிங்தான். காத்தோட்டமான எடத்துல சென்டர் ஸ்டாண்டு போடுங்க, சைலன்சர் சுடும், பாத்து.

கார்புரேட்டர்ல ரெண்டு ஸ்க்ரூ தேடணும். ஸ்பிரிங்கோட கொஞ்சம் பெருசா இருக்கறது ஐட்லிங் ஸ்க்ரூ (ஆக்சிலேட்டர தொடாம இஞ்சின் ஓடற வேகத்துக்கு), சின்னதா இருக்கறது மிக்சர் ஸ்க்ரூ. இங்கதான் நெறைய பேர் கொழம்புவாங்க: மிக்சர் ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா அது காத்துக்கு, வெளிய திருகினா பெட்ரோல் கொறையும். இஞ்சின் பக்கம் இருந்தா அது பெட்ரோலுக்கு, வெளிய திருகினா பெட்ரோல் கூடும்.

இஞ்சின ஆஃப் பண்ணிட்டு மிக்சர் ஸ்க்ரூவ மெதுவா உள்ள திருகுங்க, எத்தன சுத்து வந்துச்சுன்னு எண்ணி எழுதி வச்சிக்கோங்க, ஏதாச்சும் சொதப்பினா அந்த எடத்துக்கே திரும்பலாம். முட்டின ஒடனே நிறுத்திடணும், இறுக்கினா முனை கெட்டுப்போயிடும். அங்கேந்து ஒன்றர சுத்து வெளிய எடுங்க.

இப்ப ஸ்டார்ட் பண்ணி ஐட்லிங்க லேசா ஏத்தி வைங்க. மிக்சர் ஸ்க்ரூவ கால் சுத்து திருகிட்டு ஒரு அஞ்சு பத்து செகண்டு சும்மா கேளுங்க. சத்தம் ஏறுதா, அதே பக்கம் இன்னும் கால் சுத்து. தடுமாற ஆரம்பிச்சா திரும்பி வாங்க. எங்க ஆர்பிஎம் (இஞ்சின் ஒரு நிமிஷத்துக்கு சுத்தற சுத்து) அதிகமா, சீரா ஓடுதோ அங்க நிறுத்துங்க, நான் அங்கேந்து ஒரு பொட்டு பெட்ரோல் பக்கமாவே விடுவேன். கடைசியா ஐட்லிங் ஸ்க்ரூவால 1,400 ஆர்பிஎம் கிட்ட எறக்கிடுங்க.

ஆக்சிலேட்டர சட்னு முறுக்கி விடுங்க. திணறினாலோ, ஆர்பிஎம் எறங்க நேரமெடுத்தாலோ பெட்ரோல் கம்மி. கனமா கொழகொழன்னு சத்தம், பெட்ரோல் வாடைன்னா ஜாஸ்தி.

ரெண்டு நாள் டவுனுக்குள்ள ஓட்டிட்டு, இஞ்சின் ஆறினதும் பிளக்க கழட்டிப் பாருங்க. நுனி காப்பித்தூள் கலர்ல இருந்தா சரி, கரி படிஞ்சிருந்தா ஜாஸ்தி, சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தா கம்மி. மிக்சர் ஸ்க்ரூ கால்வாசி ஆக்சிலேட்டர் வரைக்கும்தான் வேலை செய்யும், அதுக்கு மேல கார்புரேட்டர் உள்ள பெட்ரோல அளந்து விடற நீடில், மெயின் ஜெட் சமாச்சாரம்.

ஏலகிரி மேல வண்டி மந்தமா இருக்கேன்னு அங்கேயே ஸ்க்ரூவ திருவாதீங்க, மலை மேல காத்து மெலிசு, அதான். கீழ எறங்கினா சரியாயிடும்.