அதிர்வுப் பலகையில் ஏறும் முன்

என் பெரியம்மாவுக்கு வயது 68. போன மாதம் சிங்கப்பூரின் அங் மோ கியோவில் அவர் வீட்டுக்குப் போனபோது ஹாலில் ஓர் அதிர்வுப் பலகை. "இதுல நின்னா எலும்பு வளருமாம்ப்பா" என்றார். ஆக அதிக வேகத்தில் வைத்து, உடம்பு தடதடவென ஆட, அரை மணி நேரம் நிற்கிறார். எனக்குப் பயமாகிவிட்டது.

அவர் கேள்விப்பட்டது முழுப் பொய் இல்லை. எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள் அசைவை உணர்பவை. நடக்கும்போது எலும்பின் நுண்துளைகளில் நீர்மம் லேசாக நகர்கிறது. அதை உணர்ந்ததும் அவை ஸ்கிளெரோஸ்டின் என்ற புரதத்தைக் குறைக்கின்றன. எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களைப் பிடித்து வைத்திருப்பது இந்தப் புரதம்தான். பிடி தளர்ந்தால் கட்டுமானம் தொடங்கும்.

தவறு எங்கே என்றால், நிறைய ஆடினால் நிறைய வளரும் என்று நினைப்பதில். 2001இல் வெளியான செம்மறியாட்டு ஆய்வில் கொடுத்த அதிர்வு வெறும் 0.3 ஜி, அதாவது புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நொடிக்கு 30 முறை, நாளுக்கு 20 நிமிடம், ஓராண்டு. தொடை எலும்பின் பஞ்சு போன்ற உட்பகுதி 34 சதவீதம் அடர்ந்தது. கடையில் விற்கும் பலகைகளில் பல 1 ஜியைத் தாண்டுபவை. வருடக்கணக்கில் லாரியும் மண்வாரி இயந்திரமும் ஓட்டும் நம் ஊழியர்களுக்கு முதுகுவலி வருவதற்கு இப்படிப்பட்ட பலத்த அதிர்வும் ஒரு காரணம். ஏற்கெனவே தேய்ந்த முதுகெலும்போடு இந்தப் பலகைகளில் ஏறவே கூடாது.

அப்புறம், ஆட்டுக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்று நம்புவது. கனடாவில் மாதவிடாய் நின்ற 202 பெண்களை வைத்து அதே 0.3 ஜியில் ஓராண்டு சோதித்தார்கள். எலும்பு அடர்த்தியில் பலன் இல்லை. ஆய்வுக்கூடத் தட்டில் செல்கள் துடிப்பாக இருப்பதைக் காட்டும் விளம்பரத்தை நம்புவதும் இதே தவறுதான்.

பலகை இருக்கிறதே என்று நடையையும் மருந்தையும் விட்டுவிடாதீர்கள்.

இதைவிட முக்கியமாக, எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்க்காமலே வைத்தியம் தொடங்காதீர்கள். மாதவிடாய் நின்ற ஆசியப் பெண்களுக்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது: வயதிலிருந்து கிலோவில் எடையைக் கழியுங்கள். 20க்கு மேல் வந்தால் அபாயம் அதிகம். அடர்த்திச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். பெரியம்மாவின் எடை 45. விடை 23. பலகையின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பலதுறை மருந்தகத்தில் அவருக்கு நேரம் பதிவு செய்திருக்கிறேன்.