உண்மை, தர்க்கம், அறம்: கருத்துமுதல்வாதம் படிக்க வர்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

கருத்துமுதல்வாதம்னா, ஜடப்பொருளை விட மனசுக்கும் கருத்துக்கும் முதலிடம் குடுக்கிற தத்துவம். கொஞ்ச நாளா அந்த வழியில வந்த பிராட்லி, ஜோகிம், கிரீன்னு பிரிட்டிஷ் தத்துவவாதிகளை புதுசா ஒரு செட் ஆளுங்க படிக்க ஆரம்பிச்சிருக்காங்க, கூடவே அரிஸ்டாட்டிலும் ஓடுது. சந்தோஷம்தான். ஆனா அவங்க எழுதி அனுப்புற குறிப்புகளைப் பாத்தா, எங்க செட்டு ஆரம்பத்துல அடிச்ச அதே கூத்து வரிக்கு வரி திரும்பி வருது. பேரைத் தப்பா எழுதுறது, வருஷத்தை மாத்திப் போடுறது இதெல்லாம் நான் எடுக்கப்போறதில்ல, யாராவது ஒரு தடவை சுட்டிக்காட்டினா சரியாயிடும். உள்ள போய் சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு அதுக்கப்புறம் படிக்கிற எல்லாத்தையும் கோணலாக்குற தப்பு சிலது இருக்கு. அதுல ஒண்ணு மேல எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல, அதனால அது மட்டும் நீளமா வரும், பொறுத்துக்கங்க.

கல்லை உதைச்சுக் காட்டுறது

சாமுவேல் ஜான்சன் 1763ல ஒரு பெரிய கல்லை எட்டி உதைச்சு "இப்படித்தான் மறுக்கிறேன்"னு, ஜடப்பொருள்னு தனியா ஒண்ணு கிடையாதுன்னு சொன்ன தத்துவவாதி பெர்க்லிக்கு பதில் சொன்னதா பாஸ்வெல் எழுதி வச்சிருக்காரு. அன்னைலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் ஒவ்வொரு பேட்ச்லயும் ஒருத்தர் இந்தக் கல்லைத் தூக்கிட்டு வந்துடுவாரு. பெர்க்லி 1710 நூல்ல கல்லே இல்லைன்னு சொல்லவே இல்லைங்க. கல்லோட கெட்டித்தனம், நிறம், கால்ல வர்ற வலி எல்லாத்தையும் அவரு முழுசா ஒத்துக்கிறாரு, யாரும் உணராத ஒரு ஜடம் இதுக்கெல்லாம் பின்னாடி தனியா நிக்குதுங்கிறதைத்தான் மறுக்கிறாரு. உதைச்சு வலிச்சா பெர்க்லிக்கு ஒரு நஷ்டமும் கிடையாது.

இதைவிடப் பெரிய சிக்கல், கருத்துமுதல்வாதின்னாலே பெர்க்லின்னு முடிவு கட்டுறது. லெனினோட 1909 நூல் வழியா உள்ள வந்தவங்ககிட்ட இது ரொம்பவே அதிகம், ஏன்னா அந்த நூல் தொடங்குறதே பெர்க்லியை வச்சுத்தான். ஆனா கருத்துமுதல்வாதின்னு பேரெடுத்த கான்ட்டே "தூய அறிவின் விமர்சனம்" நூலின் 1787 பதிப்புல பெர்க்லி மாதிரியான கருத்துமுதல்வாதத்தை மறுக்குறதுக்குன்னே ஒரு பகுதி சேர்த்தாரு. உலகம் என் மண்டைக்குள்ள இருக்குன்னு ஹெகலும் சொல்லல பிராட்லியும் சொல்லல. எந்தப் பொருளும் தனியாப் பிரிச்சு வச்சா அது முழுசா அதுவா இருக்காது, முழுமைக்குள்ள வச்சாத்தான் அது என்னன்னே தெரியும், இதுதான் அவங்க பேச்சு. இதுக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க.

ஹெகலோட முக்கோணம்

தீசிஸ், ஆன்டிதீசிஸ், சிந்தசிஸ், அதாவது ஒரு நிலை, அதுக்கு எதிர்நிலை, ரெண்டையும் சேர்க்கிற இணைப்பு. ஹெகல் தன் முறைக்கு இந்தப் பேரை வைக்கல, அவருக்கு முன்னாடி இருந்த ஜெர்மன் தத்துவவாதி ஃபிக்டே புழங்கின சொல்லு அது. விட்டுடுங்க.

ஒத்திசைவுன்னா முரண்படாம இருந்தாப் போதும்னு நினைக்கிறது

இதுதான் நான் சொன்ன அந்தத் தப்பு.

உண்மைன்னா என்னங்கிற கேள்விக்கு ரெண்டு பதில் எல்லா அறிமுக நூல்லயும் இருக்கும். கூற்று நடப்போட பொருந்தினா உண்மைங்கிறது ஒண்ணு, அதைப் பொருந்துகைக் கொள்கைன்னு வச்சுக்கங்க. கூற்று மத்த கூற்றுகளோட இசைஞ்சா உண்மைங்கிறது இன்னொண்ணு, அது ஒத்திசைவுக் கொள்கை. அறிமுக நூல் இதோட நிறுத்திக்கும். அடுத்த வரியிலேயே அதுவே மறுப்பையும் போட்டுடும்: "நல்லா எழுதின ஒரு துப்பறியும் நாவல்ல ஒரு முரண்பாடும் இருக்காது, அதனால அதுவும் உண்மையா?" படிக்கிறவருக்கு ஒரே குஷி, அடேங்கப்பா மூணே வரியில ஒரு கொள்கையைக் கவுத்துட்டோமேன்னு.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இந்த மூணு வரியை வச்சு ஆய்வேட்டுல ஒரு முழு அத்தியாயமே எழுதினாரு. ஜோகிம் பேரு பக்கத்துக்குப் பக்கம் வருது, நாவல் உதாரணம் நாலஞ்சு விதமா வருது, நடை கூட நல்லாத்தான் இருந்துச்சு. வாய்மொழித் தேர்வுல ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, "ஜோகிம் புத்தகத்துல நாலாவது அத்தியாயம் எதைப் பத்தினது?" ஆளுக்கு வாயே திறக்கல. அந்த அத்தியாயம் மொத்தமும் திரும்ப எழுத வேண்டியதாப் போச்சு, எழுதினப்புறம் பாத்தா அதுக்கு முன்னாடி பின்னாடி இருந்த அத்தியாயங்களும் ஒட்டல. அவரை நான் குறை சொல்லல, அந்த மூணு வரியைக் கைல குடுத்தவங்க மேலதான் எனக்குக் கோவம்.

சரி, ஜோகிம் என்னதான் சொல்றாரு? ஹெரால்டு ஜோகிம் 1906ல வெளியிட்ட "உண்மையின் இயல்பு" சின்னப் புத்தகம், மொத்தமே நாலு அத்தியாயம். முதல்ல பொருந்துகைக் கொள்கையை எடுத்துப் பிரிக்கிறாரு, ரெண்டாவதுல பிரிட்டிஷ் தத்துவவாதிகளான பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் ஜி. இ. மூரும் அப்போ வச்சிருந்த கருத்து, அதாவது மனசுக்கு சம்பந்தமே இல்லாம தனியா நிக்கிற விஷயங்களுக்கு உண்மைங்கிற ஒரு குணம் ஒட்டியிருக்குங்கிறது, அதைப் பிரிக்கிறாரு. மூணாவதுலதான் ஒத்திசைவு வருது. வந்த உடனேயே அவரு பண்ற காரியம் என்னன்னா, நான் சொல்றது வெறும் முரண்படாமை இல்லைன்னு கோடு போட்டுடுறாரு. முரண்படாமைங்கிறது வெளியிலேர்ந்து வந்த சரக்கை அச்சுல போட்டு அழுத்துற வேலை, சரக்கு வேற அச்சு வேறன்னு அப்படியே நிக்கும். அவரு கேக்குறது ஒவ்வொரு உறுப்பும் மத்த எல்லாத்தையும் வேண்டி நிக்கிற, ஒண்ணை எடுத்தா இன்னொண்ணோட பொருளே மாறிப்போற ஒரு முழுமையை. அப்படி முழுசா இருக்கக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான், மனுஷ அறிவு அதை நோக்கி அரைகுறையா நகருது, அதனால தனியா நிக்கிற எந்தக் கூற்றும் நூத்துக்கு நூறு உண்மை கிடையாது, உண்மைக்குப் படிகள் உண்டு.

அவரோட உதாரணத்தையே பாருங்க. கி.மு. 49ல சீசர் ரூபிகான் ஆத்தைக் கடந்தாரு. இது தனியா நிக்கிற ஒரு கெட்டியான நடப்பு, இதுல என்ன முழுமை வேண்டிக்கிடக்குன்னு கேப்பீங்க. கடந்தவரு வெறும் ஒரு ஆளுன்னா அது யாரோ தண்ணியில கால் வச்ச சமாச்சாரம். அவரு ஒரு படையோட தளபதி, அந்த ஆறு அவரு படையோட தாண்டக்கூடாத எல்லை, அந்தப் பக்கம் ரோமக் குடியரசோட அரசியல் சண்டை முத்திப்போய் நிக்குது, இதெல்லாம் சேர்ந்தாத்தான் "கடந்தாரு"ங்கிற சொல்லுக்கே எடை வருது. நடப்புன்னு நாம சுட்டிக்காட்டுறதுக்குள்ளயே அவ்வளவு தீர்ப்பு ஏற்கனவே கலந்து கிடக்கு. அப்போ கூற்றை இந்தக் கையிலயும் நடப்பை அந்தக் கையிலயும் வச்சு ஒப்பிடுறேங்கிற கதை எங்க நிக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம நாவலைத் தூக்கிட்டு வந்தா அது மறுப்பே இல்ல.

நாவல் கேள்விக்கும் நேரடியா பதில் இருக்கு. பிராட்லி 1909ல எழுதின கட்டுரையில, இசைவு மட்டும் போதாது, விரிவும் சேர்ந்து வேணும்னு தெளிவாச் சொல்றாரு. நாவலை உண்மைன்னு எடுத்துக்கிட்டா உங்க புலன் காட்டுறது, ஞாபகம், அடுத்தவங்க சாட்சி எல்லாத்தையும் வெளிய தள்ளணும், தள்ளினா முழுமை சுருங்கும், சுருங்கினா அது தோத்துடும். இதை ஏத்துக்கணும்னு நான் சொல்லல, மறுக்கிறவங்க இதைத் தாண்டித்தான் மறுக்கணும்.

தாண்டி மறுத்தவரும் இருக்காரு, ரஸ்ஸல். ஜோகிம் புத்தகம் வந்த சூட்டோட எழுதினாரு. பிஷப் ஸ்டப்ஸ் கொலைக்குத்தத்துக்காகத் தூக்கில தொங்கினாருங்கிற கூற்றை எடுத்துக்கிறாரு. ஸ்டப்ஸ்ங்கிறவரு பெரிய வரலாற்றாசிரியர், ஆக்ஸ்ஃபோர்டு பிஷப்பா இருந்து 1901ல இயல்பாச் செத்துப்போனவரு. அந்தப் பொய்யைச் சுத்தியும் ஒரு கோர்வையைக் கட்டிடலாமேங்கிறது அவரு கேள்வி. மேலோட்டமாப் பாத்தா நாவல் மாதிரியே இருக்கும், ஆனா அவரு அதோட நிக்கல. இசையுது இசையலன்னு நீ தீர்ப்பு சொல்றதுக்கே தர்க்க விதிகள் உண்மையா இருக்கணுமே, அந்த விதிகளோட உண்மையையும் இசைவை வச்சே சோதிப்பியான்னு கேட்டாரு, 1912 நூல்லயும் அதைத் திரும்பச் சொன்னாரு. இது கொள்கையோட அடிவேர்லயே விழுற அடி. நாவல் உதாரணத்தோட திருப்திப்பட்டுப் போனவங்களுக்கு இந்த அடியோட கனமே தெரியாமப் போயிடுது.

இப்போ அந்த நாலாவது அத்தியாயம். அது பிழையைப் பத்தினது. எல்லாம் ஒரே முழுமையின் பகுதின்னா, தப்பை சரின்னு அடிச்சுச் சொல்ற ஒரு மனசு அதுக்குள்ள எப்படி முளைச்சுச்சு? வெறும் அறியாமைன்னா புரியுது, அறிஞ்சதா நினைச்சு நெஞ்சை நிமிர்த்துற அறியாமை எங்கேர்ந்து வருது? ஜோகிம் சுத்திச் சுத்தி வந்து, எங்க கொள்கையால இதுக்கு விளக்கம் தர முடியலன்னு ஒத்துக்கிறாரு. அதுமட்டுமில்ல, ஒத்திசைவுக் கொள்கையே உண்மையைப் *பத்தி* பேசுற ஒரு அறிவு, பேசுறதும் பேசப்படுறதும் வேற வேறயா நிக்குது, அப்போ எங்க அளவுகோலை வச்சுப் பாத்தா எங்க கொள்கையே முழு உண்மை இல்லைன்னும் அவரே சொல்லிட்டுத்தான் புத்தகத்தை முடிக்கிறாரு. தத்துவத்துல தன் கொள்கையை இவ்வளவு பச்சையா தானே கிழிச்சுப் போட்ட புத்தகம் எத்தனை இருக்கு? அதைப் போய் நாவல் கதை சொல்லிக் கிண்டல் பண்றாங்கன்னா எரிச்சல் வராம என்ன செய்யும்.

பாதி வழியில ஆசிரியரைப் பிடிச்சு நிறுத்துறது

மேல சொன்னதோட தம்பி இது. பிராட்லியோட 1876 அறவியல் நூல்ல "என் நிலையும் அதன் கடமைகளும்"னு ஒரு கட்டுரை இருக்கு. சமூகத்துல உனக்குன்னு இருக்கிற இடத்தோட கடமையைச் செய், அதுதான் அறம்ங்கிற மாதிரி ஓடும். இதைப் படிச்சுட்டு பிராட்லி ஒரு பழமைவாதி, சொன்னதைச் செய்னு சொல்றவருன்னு எழுதித் தள்ளுறாங்க. அது அஞ்சாவது கட்டுரைங்க. மூணாவதுல இன்பத்துக்காக இன்பம், நாலாவதுல கடமைக்காகக் கடமை, ரெண்டையும் உடைச்சுட்டுத்தான் இங்க வர்றாரு, வந்த இடத்துலயே அந்தச் சமூகமே அழுகிப்போயிருந்தா என்ன செய்வேன்னும் கேட்டுட்டு, அடுத்த கட்டுரையில இதைத் தாண்டிப் போறாரு. அஞ்சாவது படியில நின்னு போட்டோ எடுத்துட்டு இதுதான் மாடின்னா எப்படி.

பிளேட்டோகிட்டயும் இதே கதை. அவரோட "குடியரசு" நூல்ல எதிர்வாதம் பண்ற பாத்திரமான திராசிமாக்கஸ் வலியவனோட நலன்தான் நீதின்னு சொன்னதை "பிளேட்டோ சொல்கிறார்"னு போடுறது. அரிஸ்டாட்டில் முதல்ல மத்தவங்க கருத்தை வரிசையா வைப்பாரு, அப்புறம் சிக்கலை வைப்பாரு, அப்புறம்தான் தன் பேச்சு. வரிசையில இருந்து ஒண்ணை உருவி அவரு பேர்ல ஒட்டுனா அவரு என்ன பாவம் பண்ணினாரு.

அரிஸ்டாட்டிலை ஒரே வரியில முடிக்கிறது

இருக்கிறதை இருக்குன்னும் இல்லாததை இல்லைன்னும் சொல்றது உண்மைன்னு அவரோட மெட்டாபிசிக்ஸ் நூல்ல ஒரு வரி வருது, 1011பி25 (இந்த எண் என்னன்னு கீழ சொல்றேன்). எல்லாரும் அதை எடுத்துக்கிட்டு "பொருந்துகைக் கொள்கையின் தந்தை"ன்னு பட்டம் கட்டி மூடிடுறாங்க. அவரோட அறவியல் நூலான நிக்கோமாக்கியன் எதிக்ஸ் ஆறாம் புத்தகம் ரெண்டாம் அத்தியாயத்துல அவரே செயல் சார்ந்த உண்மைன்னு ஒண்ணு பேசுறாரு, சரியான விருப்பத்தோட ஒத்துப்போற உண்மை. அதைத் தொடாம அறமும் உண்மையும் எப்படி சேருதுன்னு கட்டுரை எழுதினா பாதி வெத்து. அப்புறம் வேண்டுதலும் ஒரு வாக்கியம்தான், ஆனா அது மெய்யும் இல்ல பொய்யும் இல்லைன்னு அவரு தர்க்க நூல்ல சொல்றதையும் ஒரு ஓரமா குறிச்சு வச்சுக்கங்க.

நடுநிலைன்னா சரிபாதின்னு கணக்குப் போடுறது

அறம்ங்கிறது மிகைக்கும் குறைக்கும் நடுவுல இருக்குன்னு அரிஸ்டாட்டில் சொல்றதைத்தான் இப்படிக் கணக்காக்குறாங்க. பத்து மினா (பழைய கிரேக்க எடை) சாப்பாடு ஜாஸ்தி, ரெண்டு கம்மி, அதுக்காகப் பயிற்சியாளர் எல்லாருக்கும் ஆறு குடுக்க மாட்டாருன்னு அரிஸ்டாட்டிலே எழுதியிருக்காரு. மல்யுத்த வீரன் மைலோவுக்கு அது பத்தாது, புதுசா வந்தவனுக்கு அதிகம். கொலைக்கும் திருட்டுக்கும் நடுநிலையே கிடையாதுன்னும் அடுத்ததாச் சொல்றாரு. அளவாத் திருடுறது அறமான்னு கேக்குற மகானுபாவர்கள் 1107ஏ பாத்துட்டு வாங்க.

"சாக்ரடீஸ் இறக்கக்கூடியவர்"

எல்லா மனுஷரும் இறக்கக்கூடியவங்க, சாக்ரடீஸ் மனுஷர், அதனால அவரும் அப்படித்தான்ங்கிற அந்த உதாரணம் அரிஸ்டாட்டிலோட தர்க்க நூலான முன் பகுப்பாய்வுல இல்ல. அங்க ஆளு பேருக்குப் பதிலா இருக்கிறது A, B, C மாதிரி எழுத்துகள்.

மொழிபெயர்ப்போட பக்க எண்ணைக் குறிப்பிடுறது

ஒரு வாசிப்பு வட்டத்துல ஒருத்தர் "பக்கம் 87 பாருங்க"ன்னாரு, பத்துப் பேரு கைல அஞ்சு மொழிபெயர்ப்பு, பாதி நேரம் தேடுறதுலயே போச்சு. அரிஸ்டாட்டிலுக்கு 1831 பெர்லின் பதிப்போட பெக்கர் எண், பிளேட்டோவுக்கு 1578 ஸ்டெஃபானஸ் எண், எந்த நல்ல பதிப்புலயும் ஓரத்துல இருக்கும். நிக்கோமாக்கியன் 5, 6, 7 புத்தகங்களும் அவரோட இன்னொரு அறவியல் நூலான யூடெமியன் எதிக்ஸோட 4, 5, 6 புத்தகங்களும் ஒண்ணேதாங்கிறதையும் தெரிஞ்சு வச்சுக்கங்க, தெரியாம "ரெண்டு நூல்லயும் இதையே வலியுறுத்துகிறார்"னு எழுதி மாட்டிக்கிட்டவங்க உண்டு.

அச்சான வருஷத்தை எழுதின வருஷமா எடுத்துக்கிறது

ஜோகிம் 1938ல இறந்துட்டாரு. அவரோட தர்க்க ஆய்வுகள் 1948ல வந்துச்சு, நிக்கோமாக்கியன் உரை 1951ல வந்துச்சு. ரெண்டுமே வகுப்புல சொன்னது. "ஐம்பதுகளில் ஜோகிம் தன் நிலைப்பாட்டை மாற்றினார்"னு ஒரு குறிப்பு எனக்கு வந்துச்சு, ஆவியா வந்து மாத்தினாரா தெரியல. கிரீன் விஷயமும் அப்படித்தான், 1882ல இறந்தாரு, அறவியல் நூல் 1883ல வந்துச்சு, பதிப்பிச்சது ஏ. சி. பிராட்லி.

ரெண்டு பிராட்லி

எஃப். எச். தான் நாம இதுவரை பேசின தத்துவவாதி. ஏ. சி. அவரு தம்பி, ஷேக்ஸ்பியர் பத்தி எழுதின விமர்சகர். குழப்பாதீங்க.