லாரிக்கு வேலை இல்லாத ரோடு: சைக்கிள் ரூட் பார்க்கும் முறை

ரோடு சைக்கிள் (மெல்லிய டயர் போட்ட வேகச் சைக்கிள்) வாங்கியவர் முதலில் தேடுவது வழவழவென்று தார் போட்ட ரோட்டை. ஆனால் ரோடு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவு வேகமாக அதில் கார் வரும். எனவே ரூட் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்த நேரத்தில் இந்த ரோட்டில் யாருக்கு என்ன வேலை? லாரிக்கும் வெளியூர் பஸ்ஸுக்கும் வேறு நல்ல வழி இருந்து, ஊர்க்காரர்கள் மட்டும் புழங்கும் ரோடு கிடைத்தால், அங்கங்கே ஒட்டுப் போட்டிருந்தாலும் அதுவே மேல். சென்னைக்குத் தெற்கே செங்கல்பட்டு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். இடம் மாறினாலும் பார்க்கும் முறை மாறாது.

ஸ்ட்ராவா என்பது சைக்கிள் ஓட்டுபவர்கள் தங்கள் பயணத்தைப் பதிவு செய்யும் ஆப். அதன் ஹீட்மேப்பில் தொடங்கலாம்; நிறையப் பேர் ஓட்டிய ரோடு பளிச்சென்றும், சிலர் மட்டும் ஓட்டியது மங்கலாகவும் தெரியும் மேப் அது. கிழக்குக் கடற்கரைச் சாலை அதில் பளிச்சென்று தெரியும். அதனாலேயே பாதுகாப்பான வழி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அங்கே ஓட்டுபவர்களில் நிறையப் பேர் விடியும் முன்பே கூட்டமாகப் போய்த் திரும்புகிறவர்கள். எட்டரை மணிக்குத் தனியாகப் போகிறவருக்கு அது வேறு ரோடு. ஞாயிறு அதிகாலையில் இன்னொரு தொல்லை உண்டு: சனி இரவு விருந்தை முடித்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு திரும்பும் கார்கள். ஹீட்மேப்பில் நீங்கள் தேட வேண்டியவை மங்கலான கோடுகள். மெயின் ரோட்டை விட்டுப் பிரிந்து, ஏரிக்கரை, ஊர் என்று வளைந்து மறுபடி வந்து சேரும் மெல்லிய கோடு இருந்தால், அந்த வழியைச் சிலராவது தெரிந்தே தேர்ந்தெடுத்து ஓட்டுகிறார்கள்.

அந்தக் கோட்டை சாட்டிலைட் படத்தில் பெரிதாக்குங்கள். கூகுள் மேப்ஸில் தூரம் அளக்கும் வசதியைக் கொண்டு தாரின் அகலத்தையும் அளந்துவிடலாம். நம் நாட்டு ரோட்டு அளவுகளில் ஒற்றை வழி 3.75 மீட்டர், இடைப்பட்டது 5.5 மீட்டர், இருவழி 7 மீட்டர். ஒற்றை வழியில் பஸ் வந்தால் மண்ணில் இறங்கி நிற்க வேண்டியதுதான். ஆனால் யாரும் பறந்து வர மாட்டார்கள். சைக்கிளுக்குத் தோதானது 5.5. ஓரத்தில் தார் இல்லாத, நடுத்தடுப்பும் இல்லாத 7 மீட்டர் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் ஓடினால் அதை விட்டுவிடுங்கள். இரண்டு பெரிய வண்டிகள் எதிரெதிரே கடக்கும் நொடியில் உங்களுக்கு அங்கே இடமில்லை.

அகலத்தைவிட முக்கியமானது குவாரி. சாட்டிலைட் படத்தில் வெள்ளையும் சாம்பலுமாகக் கட்டம் கட்டமாக வெட்டிய பள்ளமும், பக்கத்தில் கூம்பு கூம்பாகக் குவியலும் தெரிந்தால் அது கல் குவாரி, கிரஷர். அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு டிப்பர் எந்த வழியாக வரும் என்று பாருங்கள். அந்தத் துண்டு உங்கள் ரூட்டில் இருக்கக் கூடாது. டிப்பர் மட்டுமல்ல, வளைவில் அது சிந்திவிட்டுப் போகும் எம்-சாண்டும் ஜல்லியும் ஆபத்து. சைக்கிளைச் சாய்த்துத் திரும்பும்போது முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது. கோடையில் ஏரி வற்றியதும் மண் அள்ளும் லாரிகள் வந்துவிடும். ஜனவரியில் அமைதியாக இருந்த ஏரிக்கரை ரோடு மே மாதத்தில் புழுதிக்காடாகிவிடும். இது எந்த ஆப்பிலும் தெரியாது. வழியில் டீக்கடையில் "அண்ணே, இந்தப் பக்கம் டிப்பர் ஓடுதா?" என்று கேட்டால் எந்த நேரத்தில், எந்த முக்கு வழியாக என்பது வரை சொல்லிவிடுவார்கள்.

பிறகு ஒரு நாள், சைக்கிளில் போக நினைக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில் மோட்டார் பைக்கில் அந்த வழியாகப் போய்வாருங்கள். நடுவழியில் பத்து நிமிடம் நின்று, ஒரே திசையில் போகும் லாரி, பஸ், டிப்பரை எண்ணுங்கள். பத்தைத் தாண்டினால் வேறு வழி தேடலாம். இது சட்டமல்ல, ஒரு கைக்கணக்கு. முகூர்த்த நாளில் எண்ணாதீர்கள். விடியற்காலையிலேயே கல்யாண வேன்கள் பறக்கும். கிருத்திகையன்று திருப்போரூர் பக்கம் கோயில் கூட்டம் வேறு.

போன வழியே திரும்புவதைவிடச் சுற்றி வரும் ரூட் நல்லது. அதையும் இடஞ்சுழியாகப் போடுங்கள், கோயில் சுற்றுக்கு நேர் எதிராக. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இடஞ்சுழியில் திருப்பங்கள் பெரும்பாலும் இடப்பக்கமே வரும். எதிர் வண்டிகளைக் குறுக்கே கடந்து வலப்பக்கம் திரும்பும் வேலை குறையும்.

எடுத்துக்காட்டாகத் திருப்போரூர், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், பூஞ்சேரி, பிறகு பழைய மாமல்லபுரம் சாலையில் மீண்டும் திருப்போரூர். சுமார் 70 கி.மீ., பெரிய ஏற்றம் கிடையாது. முதல் துண்டு மேற்கு நோக்கிப் போவதால் உதிக்கும் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். கிழக்கு நோக்கிப் போனால் பின்னால் வரும் டிரைவருக்குக் கண் கூசும், நீங்கள் அவருக்குத் தெரியவே மாட்டீர்கள். காலை வெயில் தாழ்வாக இருக்கும் அரை மணி நேரத்தில் கிழக்கு நோக்கிய துண்டு வராதபடி ரூட்டைப் போடுவது பின்விளக்கு போடுவதற்குச் சமம். (பின்விளக்கும் போடுங்கள்.) செங்கல்பட்டு ஊர்ப்பகுதியை 7 மணிக்கு முன் கடந்துவிட்டால் நெரிசல் இருக்காது. கடைசித் துண்டு வடக்கு நோக்கி. கோடையில் தெற்கிலிருந்து வரும் காற்று தள்ளிவிடும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அதே துண்டு எதிர்காற்றாக மாறும். அப்போது முன்பாதியில் கால்களைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

ரோட்டின் ஓரத்தைக் கவனிக்காமல் ரூட்டை முடிவு செய்யாதீர்கள். பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, பல ரோடுகளில் விளிம்பு மண்ணைவிட ஐந்து பத்து சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கிறது. ஹாரனுக்குப் பயந்து மண்ணில் இறங்கியவர், ஓட்டத்திலேயே பக்கவாட்டில் ஏற முயன்றால் சக்கரம் விளிம்பில் உரசி, ஆள் ரோட்டுப் பக்கமே விழுவார். இறங்கிவிட்டால் நின்று, சைக்கிளைத் தூக்கி வையுங்கள். விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே ஓட்டினால் இறங்க வேண்டிய தேவையே குறையும். அந்த மண்ணில் சீமைக் கருவேல முள்ளும் கிடக்கும்; டயரில் ஏறினால் பஞ்சர்தான். உள்ளூர்க் கடைகளில் ரோடு சைக்கிள் டியூப் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு இரண்டு டியூப், இரண்டு டயர் லீவர், பம்ப், பேட்ச் கையோடு வைத்திருங்கள்.

அறுவடைக் காலத்தில் கிராம ரோடே களமாகிவிடும். காயும் நெல்லின் மேல் ஓட்டக் கூடாது என்பது மரியாதை. வைக்கோலின் மேல் ஓட்டக் கூடாது என்பதற்குக் காரணம் வேறு. அது பின் டிரெயிலியரில் (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பாகம்) சுற்றிக்கொண்டால் செயின் இறுகும், மிதித்துத் தள்ளினால் அந்தப் பாகத்தைத் தாங்கும் ஹேங்கர் வளையும். மழைக்காலத்தில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் ஆழம் கணுக்கால்தான் என்றாலும் திரும்பிவிடுங்கள். அடியில் தார் இருக்கிறதா, அரித்துப் போயிற்றா என்பது தெரியாது. வடிந்த பிறகும் சில நாள் பாசி இருக்கும். அதன் மேல் பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகப் போக வேண்டும்.

ரூட்டை ஜிபிஎக்ஸ் கோப்பாக (ஜிபிஎஸ் கருவியும் ஆப்பும் படிக்கும் ரூட் கோப்பு) சேமிக்கும்போது தண்ணீர் கிடைக்கும் கடை, பெயின்ட் அடிக்காத வேகத்தடை, நாய் துரத்தும் தெருமுனை ஆகியவற்றையும் குறித்துவையுங்கள். பாதியில் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தால் எங்கிருந்து திரும்பலாம் என்பதும் அதில் இருக்கட்டும். மேலே சொன்ன சுற்றில் செங்கல்பட்டும் திருக்கழுக்குன்றமும் அதற்கு ஏற்ற இடங்கள். வாடகைக்கு ஒரு குட்டியானை பிடித்து, சைக்கிளை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.