லேசர் செதுக்கலின் தொடக்க எல்லையை அளக்கும் முறை

லேசரால் ஒரு பொருளைச் செதுக்க முற்படும் ஆய்வாளர், அதன் பரப்பு பெயரத் தொடங்குவதற்குத் தேவையான மிகக் குறைந்த ஆற்றல் அடர்த்தியை, அதாவது தொடக்க எல்லையை, முதலில் தாமே அளந்துகொள்ள வேண்டும். பிறர் அளந்த மதிப்பை அப்படியே எடுத்தாள்வது சரியன்று. அலைநீளம், துடிப்பின் (விட்டுவிட்டு வரும் ஒவ்வோர் ஒளி வீச்சின்) கால அளவு, பரப்பின் மெருகு ஆகியவை மாறினால் அந்த மதிப்பும் மாறும்.

குறுந்துடிப்பு லேசர்களுக்கு ஜே. எம். லியூ 1982இல் வெளியிட்ட முறையே இன்றும் மிகவும் பயன்படுகிறது என்பேன். காஸ் வடிவக் கற்றையில் செறிவு நடுவில் மிகுந்தும் விளிம்பை நோக்கிக் குறைந்தும் இருப்பதால், துடிப்பின் ஆற்றல் கூடக்கூடப் பள்ளமும் அகலமாகும். அந்த அகலத்திலிருந்தே எல்லையைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், அந்த அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடியை அணியுங்கள். அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இதில் தளர்வே கூடாது. மெருகேற்றித் துடைத்த மாதிரியைக் குவியத்தில் வைத்து, ஒரு துடிப்புக்கு ஓர் இடம் என்ற வகையில் நகர்த்துங்கள். நொடிக்கு 1,000 துடிப்புகள் விழும்போது மாதிரி நொடிக்கு 100 மில்லிமீட்டர் நகர்ந்தால், அடுத்தடுத்த பள்ளங்களுக்கு இடையே 100 மைக்ரோமீட்டர் இருக்கும். ஆற்றலை லென்ஸைக் கடந்த பின்னரே அளக்க வேண்டும். லென்ஸும் கற்றையைத் திருப்பும் ஆடிகளும் விழுங்கும் பங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தெளிவான பள்ளம் முதல் தடமே இல்லாத நிலை வரை ஆற்றலைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வோர் ஆற்றலிலும் பல பள்ளங்களின் விட்டத்தை நுண்ணோக்கியில் அளந்து சராசரி எடுங்கள். விட்டத்தின் வர்க்கத்தை நேர்குத்து அச்சிலும் ஆற்றலின் இயல் மடக்கையைக் கிடை அச்சிலும் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்வு, கற்றை ஆரத்தின் (செறிவு நடுவிலுள்ளதில் 1/e² பங்காகக் குறையும் தொலைவின்) வர்க்கத்தைப் போல் இருமடங்கு. கோடு கிடை அச்சைத் தொடும் இடம் எல்லை ஆற்றல். சாய்வு 450 சதுர மைக்ரோமீட்டர் என்றால் ஆரம் 15 மைக்ரோமீட்டர். எல்லை ஆற்றல் 2 மைக்ரோஜூல் என்றால், அதன் இருமடங்கைக் கற்றையின் பரப்பளவால் வகுக்க, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.57 ஜூல் வரும். இது கற்றை நடுவிலுள்ள உச்ச மதிப்பு. சராசரி மதிப்பைத் தருவோரும் உண்டு என்பதால், எதைத் தருகிறீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

உயர் ஆற்றலில் புள்ளிகள் கோட்டை விட்டு விலகினால், வெப்பம் பரவியிருக்கலாம் அல்லது காற்றே அயனியாகியிருக்கலாம். அப்புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு ஒரே இடத்தில் 10, 100 துடிப்புகள் எனச் செலுத்தி இதே அளவீட்டைச் செய்யுங்கள். முந்தைய துடிப்புகள் பரப்பில் விட்டுச்செல்லும் பழுதுகளால் எல்லை பொதுவாகத் தாழ்ந்துகொண்டே வரும். துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி கோடு செதுக்கும்போது இந்தத் தாழ்ந்த மதிப்பையே கொள்ள வேண்டும்.