மெயிலுக்குள் லோகோ, மெயிலோடு பிடிஎஃப்: பைத்தானில் ஒரு மெயிலை ஒழுங்காகக் கட்டுவது எப்படி

மாமா கடையில் மாதக் கடைசியானால் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் கணக்கு அனுப்ப வேண்டும். அதுவரை கையால் ஒவ்வொன்றாக இணைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "இதெல்லாம் பத்து வரி கோடு மாமா, நான் எழுதித் தருகிறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் கேட்டது மூன்றே விஷயம்: மேலே கடை லோகோ, நடுவில் தமிழில் நாலு வரி, கூடவே பிடிஎஃப்பில் கணக்கு. முதல் சோதனை மெயிலில் லோகோ இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த படக்குறிதான் இருந்தது. இரண்டாவதில் லோகோ கீழே இறங்கி, பிடிஎஃப்புக்குப் பக்கத்தில் தனி இணைப்பாகத் தொங்கியது. ஒரு சாயங்காலத்தில் முடியும் என்று நினைத்த வேலை மூன்று நாள் இழுத்தது.

அந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். பைத்தான் அடிப்படை தெரிந்தால் போதும், மெயில் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். நூலகப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள், அடிக்கோடு இருக்கிற இடத்தில் அடிக்கோடு. காப்பி பேஸ்ட் செய்ய முடியாது என்று திட்டாதீர்கள், ஒருமுறை கையால் தட்டினால்தான் இது மனதில் நிற்கும். மாறிகளின் பெயரை மட்டும் தமிழிலேயே விட்டுவிடலாம், பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும்.

கோடுக்கு முன்னால் டப்பாக்கணக்கு

மெயில் என்பது அடிப்படையில் வெறும் எழுத்து. 1982இல் வந்த விதிகளின்படி அதில் 7 பிட் ஆஸ்கி எழுத்துகள் மட்டும்தான் போகும். அதாவது ஆங்கில எழுத்து, எண், சில குறிகள். தமிழ் போகாது, படம் போகாது. 1992இல் நத்தானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் சேர்ந்து மைம் என்ற ஏற்பாட்டை ஆர்எஃப்சி 1341 ஆக (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை வெளியிடும் ஆவண வரிசை) வெளியிட்ட பிறகுதான் இதற்கெல்லாம் பொதுவான ஒரு வழி பிறந்தது. அந்த வருஷம் மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் அனுப்பிய மெயிலில், அவர் பாடும் நால்வர் குழுவின் படமும் பாட்டும் இணைப்பாகப் போயின.

மைம் செய்தது இதுதான். மெயிலின் உடலைப் பல பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்குப் பகுதி ஒரு எல்லைக்கோடு போட்டு, ஒவ்வொரு பகுதியின் தலையிலும் "நான் படம்", "நான் எச்டிஎம்எல்" என்று ஒரு சீட்டு ஒட்டியது. ஒரு பகுதிக்குள்ளேயே இன்னும் பகுதிகள் இருக்கலாம். பாத்திரக் கடையில் ஒன்றுக்குள் ஒன்று போட்டு விற்கிற எவர்சில்வர் டப்பா செட் மாதிரி. நமக்கு வேண்டியது மூன்று டப்பா.

மிக்ஸ்டு என்பது எல்லாவற்றிலும் பெரியது, மெயிலின் பேச்சும் இணைப்புகளும் இதற்குள் இருக்கும். ஆல்டர்நேட்டிவ் என்பது ஒரே சேதியை இரண்டு உடையில் வைத்திருக்கும், ஒன்று வெறும் எழுத்து, இன்னொன்று எச்டிஎம்எல். படிக்கிறவரின் மெயில் செயலி தனக்குப் புரிகிறவற்றில் கடைசியாக இருப்பதை எடுத்துக்கொள்ளும், அதனால் எளியது முதலில், அலங்காரமானது கடைசியில். ரிலேட்டட் என்பது எச்டிஎம்எல்லையும் அதற்குள் தெரிய வேண்டிய படத்தையும் சேர்த்துக் கட்டி வைப்பது. நம் மெயில் இப்படி இருக்க வேண்டும்:

மிக்ஸ்டு
— ஆல்டர்நேட்டிவ்
— — வெறும் எழுத்து
— — ரிலேட்டட்
— — — எச்டிஎம்எல்
— — — லோகோ
— பிடிஎஃப்

இதை ஒரு தாளில் வரைந்து மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். என் தவறுகள் எல்லாமே ஏதோ ஒன்றைத் தப்பான டப்பாவில் போட்டதாலோ, டப்பாவில் ஒட்டும் சீட்டைத் தப்பாக எழுதியதாலோ வந்தவை.

இனி கோடு

இணையத்தில் தேடினால் மைம்மல்டிபார்ட், மைம்டெக்ஸ்ட் என்று வகுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டுகிற பழைய உதாரணங்கள்தான் நிறையக் கிடைக்கும். அவை இன்னமும் ஓடும்தான், ஆனால் புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு வேண்டாத தலைவலி. பைத்தான் 3.6 முதல் நிலையாகிவிட்ட ஈமெயில்மெசேஜ் வகுப்பு டப்பா மாற்றும் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. ஈமெயில்.மெசேஜ் தொகுதியில் இருக்கிறது, வெளியே எதையும் நிறுவ வேண்டாம்.

முதல் படி, காலி மெயில்:

மெயில் = ஈமெயில்மெசேஜ்()
மெயில்["சப்ஜெக்ட்"] = "மார்ச் மாதக் கணக்கு"

ஃப்ரம், டு இரண்டும் இதே மாதிரி. தலைப்பைத் தமிழில் கொடுக்கலாம், ஆஸ்கிக்குள் அடக்குகிற வேலையை அனுப்பும்போது அதுவே செய்துகொள்ளும். ஒரு எச்சரிக்கை: ஒரே மெயிலை வைத்துக்கொண்டு சுழற்சிக்குள் ஆள் மாற்றி ஆள் டு போட்டால், இரண்டாவது ஆளிலேயே பிழை வரும், ஒரு மெயிலில் ஒரு டு தான் இருக்கலாம் என்று. சுழற்சிக்கு உள்ளே ஒவ்வொரு முறையும் புது மெயில் செய்வதுதான் நல்லது.

இரண்டாவது படி, வெறும் எழுத்து:

மெயில்.செட்_கன்டென்ட்("வணக்கம். உங்கள் கணக்கு இணைப்பில் உள்ளது.")

இதைச் சேர்க்காமல் விடுகிறவர்கள் நிறைய. யார் வெறும் எழுத்தில் படிக்கிறார்கள் என்று கேட்பார்கள். எச்டிஎம்எல்லை அணைத்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேறு எதுவும் தெரியாது.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு கணக்கு இருக்கிறது. எல்லா மொழி எழுத்தையும் பைட்டாக்கும் முறையான யுடிஎஃப்-8இல் "தமிழ்" என்ற சொல் 15 பைட். ஆஸ்கிக்குள் அடக்க இரண்டு வழி உண்டு. கோட்டட் பிரிண்டபிள் ஆஸ்கி அல்லாத ஒவ்வொரு பைட்டையும் மூன்று எழுத்தாக்கும், அதில் 45 எழுத்து ஆகும். பேஸ்64 மூன்று பைட்டை நாலு எழுத்தாக்கும், அதில் 20 தான். ஆங்கிலத்துக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வேறு எழுத்து வரும் மொழிகளுக்கு முதல் வழி சரி, நமக்கு அது வீண். நீளமான வரிகள் இருந்தால் பைத்தான் இரண்டையும் ஒப்பிட்டுச் சின்னதைத் தேர்ந்துகொள்ளும், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். மெயிலின் மூலத்தைத் திறந்து பார்க்கும்போது தமிழுக்குப் பதிலாகப் புரியாத எழுத்துக் குவியல் தெரிந்தால் பயப்படாமல் இருக்கத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

மூன்றாவது படிதான் என் முதல் மெயிலைக் கெடுத்தது. லோகோவுக்கு ஒரு அடையாளம் வேண்டும், எச்டிஎம்எல் அந்த அடையாளத்தைச் சொல்லித்தான் படத்தைக் கூப்பிடும். ஈமெயில்.யுடில்ஸ் தொகுதியில் உள்ள மேக்_எம்எஸ்ஜிஐடி அதைச் செய்துகொடுக்கும்:

அடையாளம் = மேக்_எம்எஸ்ஜிஐடி()

இது தருகிற அடையாளத்தின் இரண்டு பக்கமும் < > என்ற கோண அடைப்புக்குறி இருக்கும். மெயிலின் தலைச்சீட்டில் அந்தக் குறியோடுதான் எழுத வேண்டும். ஆனால் எச்டிஎம்எல்லில் படத்தின் முகவரியாகக் கொடுக்கும்போது சிஐடி என்று எழுதி முக்காற்புள்ளி வைத்து, அடைப்புக்குறி இல்லாமல் உள்ளே இருப்பதை மட்டும் எழுத வேண்டும். அதாவது எச்டிஎம்எல்லில் அடையாளம்[1:-1], படத்தைச் சேர்க்கும்போது முழு அடையாளம். நான் இரண்டு இடத்திலும் முழுசாகப் போட்டுவிட்டு, படக்கோப்புதான் பழுதோ என்று லோகோவை நாலு முறை மறுபடி சேமித்துப் பார்த்தேன்.

மெயில்.ஆட்_ஆல்டர்நேட்டிவ்(எச்டிஎம்எல்_உரை, சப்டைப்="எச்டிஎம்எல்")

இந்த ஒரு வரியில் மெயில் தானாக ஆல்டர்நேட்டிவ் டப்பாவாக மாறி, பழைய வெறும் எழுத்து அதற்குள் முதலாவதாகப் போய் உட்கார்ந்துவிடும்.

நாலாவது படி, லோகோ. கோப்பை பைனரியாகத் திறந்து படியுங்கள். எழுத்தாகத் திறந்தால் படம் பாழ். அப்புறம் படத்தை மெயிலில் சேர்க்காமல், எச்டிஎம்எல் பகுதியைத் தேடிப் பிடித்து அதில் சேர்க்க வேண்டும்:

பகுதி = மெயில்.கெட்_பாடி(("எச்டிஎம்எல்",))
பகுதி.ஆட்_ரிலேட்டட்(படம், "இமேஜ்", "பிஎன்ஜி", சிஐடி=அடையாளம்)

மெயிலின் பகுதிகளைப் பட்டியலாகத் தரும் கெட்_பேலோடில் 1ஆம் எண்ணை எடு என்று பல உதாரணங்களில் இருக்கும். பிடிஎஃப் சேர்ப்பதற்கு முன்னால் எழுதினால் அது சரி. பிடிஎஃப் சேர்த்த பிறகு எழுதினால் அந்த 1ஆம் எண்ணில் பிடிஎஃப் உட்கார்ந்திருக்கும். பிழை எதுவும் காட்டாமல் லோகோ அதோடு போய் ஒட்டிக்கொள்ளும். அதையும் செய்து பார்த்துவிட்டேன். கெட்_பாடி எப்போதும் சரியான பகுதியைத் தரும்.

லோகோ தனி இணைப்பாகத் தொங்கிய கதைக்குக் காரணம் இன்னும் அற்பமானது. படத்துக்கு ஒரு பெயர் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆட்_ரிலேட்டடில் ஃபைல்நேம் கொடுத்திருந்தேன். பெயர் கொடுத்து டிஸ்பொசிஷன் (மெயிலுக்குள் காட்டுவதா, தனி இணைப்பா என்று சொல்லும் சீட்டு) கொடுக்காமல் விட்டால், பைத்தான் அதை அட்டாச்மென்ட் என்று குறித்துவிடுகிறது. பெயர் வேண்டுமென்றால் டிஸ்பொசிஷன்="இன்லைன்" என்று கூடவே கொடுங்கள், இல்லையென்றால் பெயரே வேண்டாம்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு, படத்தை பேஸ்64 ஆக எச்டிஎம்எல்லுக்குள்ளேயே திணித்தால் என்ன என்று தோன்றும். உலாவியில் அழகாகத் தெரியும், ஜிமெயிலில் தெரியாது. எஸ்விஜி லோகோவும் ஜிமெயிலில் தெரியாது, பிஎன்ஜியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது படி, பிடிஎஃப்:

மெயில்.ஆட்_அட்டாச்மென்ட்(கணக்கு, மெயின்டைப்="அப்ளிகேஷன்", சப்டைப்="பிடிஎஃப்", ஃபைல்நேம்="மார்ச் கணக்கு.பிடிஎஃப்")

கோப்பின் பெயர் தமிழில் இருக்கலாம், கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருவதை மட்டும் ஆங்கிலத்தில் வையுங்கள். இந்த வரி எப்போதும் கடைசியில்தான். முதலில் பிடிஎஃப்பைச் சேர்த்துவிட்டு அப்புறம் ஆட்_ஆல்டர்நேட்டிவ் கூப்பிட்டால், மிக்ஸ்டை ஆல்டர்நேட்டிவாக மாற்ற முடியாது என்று வேல்யூ எரர் வரும். நியாயம்தானே, பெரிய டப்பாவைச் சின்ன டப்பாவாக்க முடியுமா?

அளவையும் பாருங்கள். இணைப்பு பேஸ்64 ஆகத்தான் போகும், வரி முறிவுகளையும் சேர்த்தால் 10 எம்பி கோப்பு கிட்டத்தட்ட 13.7 எம்பி ஆகிவிடும். 25 எம்பி வரம்பு என்றால் உங்களுக்குக் கிடைப்பது 18 எம்பி சுமார்.

அனுப்புவதற்கு முன்னால் பாருங்கள்

ஆரம்பத்தில் திருத்தம் செய்யும்போதெல்லாம் எனக்கே மெயில் அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேவையே இல்லை. ஈமெயில்.இட்டரேட்டர்ஸ் தொகுதியில் _ஸ்ட்ரக்சர் என்று ஒன்று, பெயரே அடிக்கோட்டில்தான் ஆரம்பிக்கும். அதனிடம் மெயிலைக் கொடுத்தால் டப்பாக்களைப் படிப்படியாக உள்தள்ளி அச்சிடும். அது நீங்கள் மேசையில் ஒட்டிய தாளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அடுத்து பைட்ஸ்(மெயில்) என்பதை ஒரு கோப்பில் எழுதி, இஎம்எல் என்ற பின்னொட்டோடு சேமித்து தண்டர்பேர்டில் திறந்தால் போகப்போகும் மெயில் கண் முன்னால் இருக்கும்.

அனுப்புவது சின்ன வேலை. மெயில் அனுப்பும் நெறிமுறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். எஸ்எம்டிபிலிப் தொகுதியில் எஸ்எம்டிபி_எஸ்எஸ்எல், ஜிமெயிலின் எஸ்எம்டிபி சர்வர், 465ஆம் போர்ட், லாகின், கடைசியில் சென்ட்_மெசேஜ்(மெயில்). ஜிமெயிலின் வழக்கமான கடவுச்சொல் இங்கே வேலை செய்யாது. இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, அதற்கென்று 16 எழுத்துள்ள ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை எடுக்க வேண்டும். அதைக் கோடுக்குள் எழுதி கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள், என்விரான்மென்ட் வேரியபிளில் வையுங்கள். பிசிசி போட்டிருந்தால் கவலை வேண்டாம், சென்ட்_மெசேஜ் அந்த முகவரிகளுக்கும் அனுப்பிவிட்டு, போகிற மெயிலில் அந்த வரியை மட்டும் நீக்கிவிடும்.

எல்லாம் முடிந்து மெயில் சரியாகப் போனது. மாமா திறந்து பார்த்தார், பிடிஎஃப்பைத் தொடவே இல்லை. "லோகோ ரொம்பச் சின்னதா இருக்கேப்பா" என்றார். படத்தின் விட்த் 120 என்று இருந்தது, 200 ஆக்கினேன். அதை சிஎஸ்எஸ்ஸில் எழுதாமல் இமேஜ் டேகிலேயே எழுதுங்கள், விண்டோஸின் பழைய அவுட்லுக் வேர்டின் எஞ்சினை வைத்துத்தான் எச்டிஎம்எல்லைக் காட்டுகிறது, சிஎஸ்எஸ் அகலம் அதற்கு எப்போதும் புரிவதில்லை.