ஜெபம் வறண்டு போனால் பால் நோட்டை எடுங்கள்

விரல் ஜெபமாலையை உருட்டும், வாய் அருள் நிறைந்த மரியே சொல்லும், மனசு மட்டும் காஸ் புக் பண்ணியாச்சா என்று கணக்குப் போடும். எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் குழுவில், இந்தக் குறை சொல்லாத பெண்களே இல்லை. உடனே இன்னொரு நவநாள் பிடி என்பார்கள். என் யோசனை வேறு: நன்றியிலிருந்து தொடங்குங்கள்.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் போதும். ராத்திரி படுக்கும் முன், அன்றைக்கு யாரிடமிருந்து என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். "ஆண்டவரே, எல்லாவற்றுக்கும் நன்றி" என்று மொட்டையாக எழுதினால் வேலைக்கு ஆகாது. ஆள் வேண்டும். காலையில் குழாய் திறந்துவிட்ட பஞ்சாயத்து அண்ணன், வடசேரி பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்த கல்லூரிப் பிள்ளை. பெயர் தெரியாவிட்டால் அடையாளத்தை எழுதுங்கள்: நரைத்த மீசைக் கண்டக்டர்.

அந்த ஆட்கள்தான் மறுநாள் ஜெபம். ஜெபமாலையில் பத்து மணிகள் போதும். ஒரு மணியை உருட்டும்போது ஓர் ஆள். சாயங்காலம் கோயில் மணி அடிக்கும் நேரம் தோதானது, சீரியல் தொடங்கியிருக்காது. விரலுக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டால் காஸ் நினைப்பு தானாகக் குறையும். பக்கத்து வீட்டு மைனி அய்யா வைகுண்டர் காட்டிய அய்யாவழிக்காரி. அவர்கள் தலைமைப்பதி சாமித்தோப்பில் சிலை கிடையாது, கண்ணாடிக்கு முன் நின்றுதான் கும்பிடுவார்கள். மைனியும் இப்போது நோட்டு வைத்திருக்கிறாள். எந்த வழிக்காரருக்கும் இது ஒத்து வரும்.

கொஞ்ச நாளில் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவர்களுக்கு ஏதாவது செய்ய மனசு அரிக்கும். செய்யுங்கள், ஆனால் சின்னதாக. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) அவித்தால், மிளகாய்ச் சம்மந்தியோடு (துவையல்) வாழையிலையில் பொதிந்து கொடுத்துவிடுங்கள். பாத்திரத்தில் வேண்டாம். நம்மூரில் வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தர யாருக்கும் மனசு வராது. ஒன்றும் இல்லாத வீட்டில் அது பெரிய பாரம். நாம் உபகாரம் என்று நினைத்தது அவர்கள் தலையில் கடனாக ஏறிவிடும்.

நோட்டில் இல்லாதவர்களுக்கும் செய்யலாம். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால், பக்கத்துக் கட்டிலில் துணைக்கு இருப்பவரைக் கவனியுங்கள். நோயாளியை விட்டு நகர முடியாமல் காலையிலிருந்து ஒரு சாயா கூடக் குடித்திருக்க மாட்டார். "நான் இருக்கேன், பைய போயிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை. திரும்பி வரும்போது சுடுவெள்ளம் (வெந்நீர்) வாங்கிவர பிளாஸ்க்கையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். காசு கொடுப்பதைவிட இது நல்லது. என்ன ஆள், எந்த ஊர், யாருடைய மகன் என்று விசாரிக்க வேண்டாம். நம்மூரில் அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று தெரியும்தானே. 2022 மே 15-ல் புனிதர் பட்டம் பெற்ற நம் தேவசகாயம் பிள்ளை, சாதி பார்க்காமல் எல்லாரோடும் சமமாகப் பழகியவர். அவர் உயிர்விட்ட காற்றாடி மலைக்கு நடந்துபோய் மெழுகுதிரி கொளுத்துகிறோம், இதில் மட்டும் அவரை விட்டுவிடுகிறோம்.

நாலு நாள் எழுதாமல் போனால் விட்டதை நிரப்ப உட்காராதீர்கள், அன்றைய தேதியைப் போட்டு எழுதுங்கள்.

ஒரே ஒரு பெயர் மட்டும் பேனாவில் வராது. வேலித் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணனோ, நகைப் பங்கில் முறைத்துக்கொண்ட நாத்தனாரோ. அவர்களிடம் என்றைக்கோ வாங்கியது ஒன்று இருக்கும். அதைத் தோண்டி எடுத்து எழுதி, கடைசி மணிக்கு வையுங்கள். மரச்சீனி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.